தோன்றா எழுவாய்

ஒருவர் இறந்ததும் எடுத்துச் சொல்ல நம்மிடம் சில சொற்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. தன்னலமற்றவர். விளம்பரம் விரும்பாதவர். தன்னை முன்னிறுத்திக்கொள்ளாதவர். இறந்தது பெண் என்றால் இதே சொற்கள் கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு வரும்: குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர், இருக்கிற இடம் தெரியாமல் இருந்தவர். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது எப்படி நற்குணமானது, அது யாருக்கு வசதி என்ற கேள்வி எனக்குப் பல வருடங்களாக உண்டு. நாடகங்களுக்குப் படுதா கட்டி இழுக்கும் வேலையை 40 வருடங்களுக்கு மேல் செய்த ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தபோது, அந்தக் கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியவில்லை.

அவர் எங்கள் தெருக்காரர். ரத்த உறவு கிடையாது. ஆனாலும் அவரைப் பெரியப்பா என்றும் அவர் மனைவியைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தேன். ஊருக்கு அவர் 'சீன்காரர்'. மதுரை வட்டாரத்தின் கோயில் கொடைகளில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பின்னணிப் படுதாக்கள் கட்டுவது அவர் தொழில். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா. எந்த நாடகத்துக்கு எந்தப் படுதா எந்த வரிசையில் வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். தர்பார், தெரு, தோட்டம், காடு, சுடுகாடு எல்லாம் மூங்கிலில் சுருட்டியபடி ஒரு மாட்டுவண்டியிலோ டெம்போவிலோ ஊர் ஊராகப் போகும்.

ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பு தெரிந்தால்தான் அந்த வேலையின் கனம் புரியும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்றவர்களின் நாடகங்களை ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் தனித்தனியே மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பேசி முடிப்பார்கள். அவரவர் ஊரிலிருந்து கிளம்பி அன்று ராத்திரி அந்த மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. தர்க்கம் அரைமணி நேரம் போகலாம், ஒன்றரை மணி நேரமும் போகலாம். பாட்டு எந்த அடியில் முடியும், எப்போது காடு மறைந்து தெரு வரவேண்டும் என்பதை ஆர்மோனியத்தின் இழுப்பிலிருந்தும் நடிகையின் ஒரு திரும்பலிலிருந்தும் பக்கவாட்டு இருட்டில் நிற்பவர் ஊகிக்க வேண்டும். காற்று அடித்தால் படுதாவின் அடிமூங்கிலைக் காலால் மிதித்துக்கொண்டே கையால் அடுத்த கயிற்றை அவிழ்க்க வேண்டும். ஏழு மணி நேரம் உட்காராமல், கண்ணயராமல்.

"படுதா ஏறுனதே சனத்துக்குத் தெரியக் கூடாதுத்தா. தெரிஞ்சுச்சுன்னா நான் வேலையச் சரியாச் செய்யலன்னு அர்த்தம்." ஒருமுறை நான் கேட்காமலேயே பெரியப்பா இப்படிச் சொன்னார்.

இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வது எளிது. அவருடைய இரங்கல் சுவரொட்டி அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் அவர் தன் குணத்தைப் பற்றிச் சொல்லவில்லை, தொழில் நுணுக்கத்தைப் பற்றிச் சொன்னார். தையல் தெரியாமல் தைப்பது தையல்காரரின் திறமை. அதற்காகக் கூலி கேட்கக் கூச்சப்படும் தையல்காரர் யாரும் இல்லை. பெரியப்பாவும் கூச்சப்பட்டவரில்லை. பந்தல் போடுபவர்கள், மைக்செட் கட்டுபவர்கள், சீன்காரர்கள் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு சிறிய சங்கம் வைத்திருந்தார்கள். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் அப்போது ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய இடம் கொடுத்தது. அந்த ஏழு கையெழுத்துகளில் ஒன்று அவருடையது. சாகும்வரை மாதச் சந்தாவை ஒருமுறைகூட அவர் பாக்கி வைத்ததில்லை.

அவர் சங்கக்காரர் என்பதற்கு ஊர் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஒரு கிராமத்தில் மூன்று நாள் நாடகம். முதல் நாள் பகலில் மேடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் மேலிருந்து விழுந்து கால் முறிந்தது. வைத்தியச் செலவுக்கு ஒன்றும் தர முடியாது, அவன் ஆளே இல்லை, கூட வந்த எடுபிடி என்று விழாக் கமிட்டி சொல்லிவிட்டது. அன்று இரவு கூட்டம் வந்து உட்கார்ந்தது. ஆர்மோனியம் சுதி சேர்த்தது. பெரியப்பா கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றார். "பையனுக்கு ஒரு வழி சொல்லுங்க, படுதா ஏறும்." பதினொன்றரை மணிக்குக் கமிட்டி வழி சொன்னது. படுதா ஏறியது.

ஒருபோதும் கண்ணில் படாத வேலை நிற்கும்போதுதான் கண்ணில் படுகிறது. 2007 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வே மேடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது 19 நாட்கள் அங்கே பெரும்பாலான அரங்குகள் இருண்டு கிடந்தன. நட்சத்திர நடிகர்கள் நலமாகத்தான் இருந்தார்கள், வசனமும் மறக்கவில்லை. கயிறு இழுக்க ஆளில்லை. அதற்கும் வெகுமுன்பு, 1975 அக்டோபர் 24 அன்று, ஐஸ்லாந்துப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஒரு நாள் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் நிறுத்தினார்கள். அன்று அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அரங்கத்துக்குப் பின்னாலுள்ள உழைப்பும் அடுப்படி உழைப்பும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இரண்டும் நன்றாக நடந்தால் நடந்த தடமே இருக்காது.

ஹன்னா ஆரெண்ட் 1958-இல் வெளிவந்த 'மனித நிலை' நூலில் மனிதச் செயல்பாட்டை மூன்றாகப் பிரித்தார். உயிர் வாழ்வதற்கான, செய்யச் செய்யத் தீர்ந்துபோகும் உழைப்பு. நிலைத்த பொருளை உண்டாக்கும் வேலை. பிறர் முன்னிலையில் நிகழ்த்தப்பட்டு நினைவுகூரப்படும் செயல். மனிதர் தம்மை வெளிப்படுத்துவது மூன்றாவதில்தான் என்பது அவர் கணிப்பு. பெண்ணியர் பலருக்கு இந்தப் பகுப்பில் மனத்தாங்கல் உண்டு. சமைப்பவளும் துவைப்பவளும் இதில் முதல் அறையிலேயே அடைபட்டுப்போகிறார்கள். கயிற்றில் சாய்ந்து நின்ற பெரியப்பாவை எந்த அறையில் வைப்பது? அவர் மேடைக்கு வரவில்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் செய்தது ஆரெண்ட் சொல்லும் முழுமையான செயல்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வேறுபாடு தேவைப்படுகிறது. காணப்படுவது வேறு, கணக்கில் வருவது வேறு. ஒடுக்கப்பட்ட உழைப்பைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக 'வெளிச்சத்துக்குக் கொண்டுவருதல்' என்கிறோம். வெளிச்சம் மட்டுமே தீர்வென்றால் அதே மேடையில் நின்ற ஸ்திரீபார்ட் நடிகைகள் இந்த ஊரிலேயே அதிக மதிப்புள்ளவர்களாக இருந்திருக்க வேண்டும். இரவெல்லாம் ஆயிரம் கண்கள் அவர்களைப் பார்த்தன. விடிந்ததும் அதே கண்கள் பேருந்து நிறுத்தத்தில் அவர்களைக் கண்டு கிசுகிசுத்தன. வீடு வாடகைக்குக் கிடைக்கவில்லை, மகளுக்குச் சம்பந்தம் கிடைக்கவில்லை. பார்வை அவர்களைக் காயப்படுத்தியதே தவிர காப்பாற்றவில்லை. பெரியப்பா பார்க்கப்படவே இல்லை, ஆனால் அவருக்கு ஒரு பதிவேட்டில் பெயர் இருந்தது, கூலிக்கு ஒரு கணக்கு இருந்தது, அடிபட்டால் கேட்க நாலு பேர் இருந்தார்கள். கமிட்டி அந்தப் பையனைப் பற்றிச் சொன்னதும் அவனைப் பார்க்கவில்லை என்பதல்ல. அவன் கணக்கில் இல்லை என்றது.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. வகுப்பில் வருடா வருடம் நடத்துகிறேன்: தோன்றா எழுவாய். 'நேற்று வந்தாள்' என்ற தொடரில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ஆனாலும் அது ஒருத்தி என்பதும் பெண் என்பதும் வினைமுற்றின் விகுதியில் பதிவாகியிருக்கிறது. எழுவாய் தோன்றவில்லை, தொலைந்துபோகவும் இல்லை. பெரியப்பா அப்படித் தோன்றாத எழுவாய். சங்கம்தான் அவருடைய விகுதி.

வினையெச்சம் அப்படியல்ல. 'இழுத்து', 'தைத்து', 'எடுத்து' என்பவற்றில் செய்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்ற அடையாளம் எதுவும் கிடையாது. பின்னால் வரும் வினைமுற்று யாருடையதோ அவருக்கே எச்சத்தின் உழைப்பும் போய்ச் சேரும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இது என்னை உறுத்தும். அந்த அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என்று இளங்கோ அளந்து சொல்கிறார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகளுக்கும் பெயர் இருக்கிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்கப்பட்ட நுட்பம்கூட இருக்கிறது. ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் இலக்கணம் இருக்கிறது. எழினியை இழுத்தவருக்கும் விளக்கை ஏற்றியவருக்கும் அங்கே எச்சம்தான் இருக்கிறது.

நம் மரபில் இரங்கலுக்கு இலக்கணம் இல்லாமலில்லை. புரவலன் இறந்தால் பாடக் கையறுநிலை என்ற துறை உண்டு. போரில் விழுந்தவனுக்குக் கல் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. நடுகல்லில் பெயரும் பெருமையும் பொறிக்கப்படும். கொடுத்தவனுக்குப் பாட்டு, கொன்று விழுந்தவனுக்குக் கல். நாள்தோறும் ஒரு வேலையைப் பிழையில்லாமல் செய்து முதுமையில் இறந்தவருக்கு என்ன? அவருக்காக ஒப்பாரி வைக்கும் பெண்களின் வாயில் மட்டும் அந்த வேலையின் விவரங்கள் கொஞ்சம் வரும். மூன்றாம் நாள் அதுவும் அடங்கிவிடும்.

பெரியப்பா இறந்து ஒரு மாதம் ஆனதும் சங்கச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். நினைவேந்தலில் வாசிக்க நாலு பக்கம் எழுதித் தரவேண்டும், "நீங்க தமிழ் டாக்டரு, அவரும் உங்கள ரொம்பச் சொல்வாரு" என்றார். விவரங்களுக்காகச் சங்கத்தின் பழைய பேரேடுகளைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். நீலக் கோடுபோட்ட நீளக் கணக்கு நோட்டுகள். உறுப்பினர் பெயர், சந்தா, விபத்து உதவி, சாவுச் செலவு, வண்டி வாடகை. கால் முறிந்த பையனின் பெயர் அடுத்த மாதமே உறுப்பினராக ஏறியிருந்தது. 22 வருடக் கணக்கு, ஒரே கையெழுத்து. சற்றே வலப்பக்கம் சாய்ந்த, 'ழ'வின் வாலை நீட்டி எழுதும் கையெழுத்து. சின்ன வயதில் என் நோட்டில் எனக்கு அ, ஆ எழுதிக் காட்டிய கையெழுத்து.

பெரியப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். பெரியம்மா எட்டாவது படித்தவர். சங்கத்தின் கணக்கை எழுதியது அவர்தான். நூற்றுச் சொச்சம் பெயர்கள் அந்த நோட்டுகளில் இருக்கின்றன. பெரியம்மாவின் பெயர் இல்லை.

அவருடைய வேலை கணக்கு எழுதுவது மட்டுமல்ல. நாடகம் முடிந்து வரும் படுதாக்களில் எப்போதும் கிழிசல் இருக்கும். கோணி ஊசியால் தைத்து, பின்புறம் துணி ஒட்டுக் கொடுத்து, புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையைத் தடவி விறைப்பேற்றுவார். மழையில் நனைந்து வந்தால் பூஞ்சை பிடிப்பதற்குள் தெருவை அடைத்து விரித்துக் காயவைப்பார். சாயம் போன இடத்தில் வண்ணம் தொடுவார். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் காய்கிற தர்பாரின்மேல் நடந்து அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம். தைத்து, ஒட்டி, காய்ச்சி, தடவி, காயவைத்து, மடித்து, சுருட்டி, அவர் மேடையில் ஏற்றினார். ஏழு எச்சங்கள் பெரியம்மாவுடையவை, முற்று பெரியப்பாவுடையது.

"சங்கத்துல உங்க பேரும் இருக்கணும்னு தோணுனதில்லையா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"என் பேரையும் எழுதுனா அந்தச் சந்தாவ யாருடி கட்டுறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பதிலில் பொய்யில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கூலி வரும்போது இரண்டு சந்தா எப்படிக் கட்ட முடியும்? கூலி ஒருவர் பெயரில் வருவதால் உழைப்பும் ஒருவருடையதாக ஆகிவிடுகிறது என்ற பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

நாலு பக்கத்தில் பெரியம்மாவைப் பற்றி எப்படி எழுதுவது என்பதில்தான் செயலாளருக்கும் எனக்கும் இழுபறி. அவர் எதிர்பார்த்தது 'பக்கபலமாக இருந்த துணைவியார்' என்ற வரி. நான் 'சங்கத்தின் கணக்கை 22 வருடங்கள் எழுதியவர், படுதாக்களைச் செப்பனிட்ட தொழிலாளி' என்று எழுதியிருந்தேன். "அவங்க உறுப்பினர் இல்லையேம்மா. தொழில்ல இருக்கறவங்களத்தான தொழிலாளின்னு போடமுடியும்?" என்றார். அவர் கெட்ட மனிதரல்ல, விதியைச் சொன்னார். சட்டம் சொல்வதும் ஏறத்தாழ அதுதான்: அந்தத் தொழிலில் உண்மையாகவே ஈடுபட்டிருப்பவர்களே சங்கத்தின் சாதாரண உறுப்பினர்கள். பெரியம்மாவைச் சட்டம் தடுக்கவில்லை. அவர் செய்ததைத் தொழில் என்று எண்ணும் பழக்கம் யாருக்கும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பழக்கம் விதியாகவே எழுதப்பட்ட இடங்களும் உண்டு. மும்பை திரைத்துறையின் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பல பத்தாண்டுகளாக ஒப்பனைக் கலைஞர் அட்டையை ஆண்களுக்கு மட்டுமே கொடுத்தது. பெண்கள் சிகை அலங்காரம் மட்டும் செய்யலாம். பயிற்சி பெற்ற ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. கணக்கில் வராதவர்களைக் கணக்கில் கொண்டுவரப் பிறந்த அமைப்பே யாரைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தது. தொழிற்சங்கத்தின் மேல் மரியாதை உள்ளவர்கள்தான் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். என் தோழி ஒருத்தியே கேட்டாள்: ஒரு ஏழைத் தொழிலாளியின் இரங்கலில் அவர் மனைவியின் கணக்கைத் திறப்பது நியாயமா? அவருக்கு வாழ்க்கையில் கிடைக்காத வெளிச்சம் செத்த பிறகு ஒருநாள் கிடைக்கிறது, அதையும் பங்கு கேட்க வேண்டுமா?

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தனமாலை போட்ட பெரிய மனிதர்களின் மனைவிகளைப் பற்றிக் கேட்பதும், இரவெல்லாம் கயிற்றோடு நின்றவரின் மனைவியைப் பற்றிக் கேட்பதும் ஒன்றல்ல. அவர் அவளை ஏய்த்துச் சொத்துச் சேர்த்தவரில்லை. ஆனால் நான் கேட்டது வெளிச்சத்தில் பங்கு அல்ல. அது அவருக்கே பிடிக்காது. கணக்கை நேர்செய்யக் கேட்டேன். அந்த அளவுகோல் என்னுடையதும் அல்ல. 'அவன் ஆளே இல்லை' என்று சொல்லப்பட்ட ஒரு பையனுக்காகப் படுதாவை நிறுத்தியவர் அவர். அதே மனிதர் வீட்டுக்குள் 'ஆள் கணக்கில்' வராமல் ஒருவர் ஏழு வேலை செய்ததை வாழ்நாள் முழுவதும் பார்த்தும் பதிவேட்டில் ஏற்றவில்லை. இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் எழுதினால் அது சுவரொட்டி. இரண்டாவதை மட்டும் எழுதினால் அது குற்றப்பத்திரிகை. அவர் நின்ற நியாயத்தை அவர் எட்டாத இடம்வரை நீட்டிப் பார்ப்பதுதான் அவரை மதித்து நினைப்பது என்று எனக்குத் தோன்றுகிறது. வரவை மட்டும் எழுதுகிற நோட்டைக் கணக்கு நோட்டு என்று அவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நினைவேந்தலில் நான் எழுதியபடியே வாசித்தார்கள். கைதட்டலும் இல்லை, சலசலப்பும் இல்லை. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, படுதாக்களைப் பற்றிய இடத்தில் பசை காய்ச்சும் முறையை நான் தவறாமல் சொல்லியிருக்கிறேனா என்பதைத்தான் கவனித்ததாகப் பிறகு சொன்னார். புளியங்கொட்டையை இரண்டு நாள் ஊறவைக்க வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் செயலாளர் வழக்கம்போலப் புது நோட்டோடு பெரியம்மா வீட்டுக்கு வந்தார். பழைய நோட்டின் பாக்கிகளைப் புதியதில் ஏற்றித் தர வேண்டும். பெரியம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே கேட்டார்: "இப்பப் புதுசாச் சேர்றவுகளுக்குச் சந்தா எவ்வளவு?"

செயலாளர் தொகையைச் சொன்னார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.